புரதத்தில் எந்த எச்சம் எதைத் தொடுகிறது? தொடுகைப் பகுப்பாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மனித ஹீமோகுளோபினிலிருந்து வருகின்றன. புரதத் தரவு வங்கியில் 4எச்எச்பி என்ற எண்ணில் ஆக்சிஜன் இல்லாத நிலையும், 1எச்எச்ஓ என்ற எண்ணில் ஆக்சிஜன் ஏறிய நிலையும் இருக்கின்றன. இரண்டையும் இறக்கி வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

தொடுகை என்றால் அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். கோப்பில் நமக்குக் கிடைப்பது ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று ஆயத்தொலைவுகள் மட்டும். இரண்டு அணுக்களுக்கு இடையிலான தூரம் ஓர் அளவுக்குள் வந்தால் அதற்குத் தொடுகை என்று பெயர் வைப்பது நாம்தான். அதனால் "இந்தப் புரதத்தில் எத்தனை தொடுகைகள்?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த அணுக்களுக்கு இடையே, எத்தனை ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது 0.1 நானோமீட்டர்) என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டு கட்டுரைகளின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால், பத்தில் ஒன்பது முறை வரையறைதான் வேறாக இருக்கும்.

எச்சம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி. அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கும்போது ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு கழிந்துபோகும். கழிந்தது போக மிச்சம் நிற்பதால் அது எச்சம். ஆய்வகத்தில் எல்லாரும் ரெசிடியூ என்றே சொல்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான்.

எந்த வரம்பைப் பயன்படுத்துவது? 4.5, 5, 8 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

அவை மூன்றும் ஒரே கேள்விக்கான மூன்று பதில்கள் இல்லை. அளக்கும் அணுக்களே வேறு.

மடிப்பின் ஒட்டுமொத்த வடிவம் வேண்டுமென்றால் எச்சத்துக்கு ஓர் அணு போதும். பீட்டா கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராம் என்பது வழக்கு. கிளைசினுக்குப் பீட்டா கார்பன் கிடையாது, அதனால் அங்கே ஆல்ஃபா கார்பன். கட்டமைப்புக் கணிப்புக்கான காஸ்ப் போட்டியிலும் தொடுகைகளை மதிப்பிட இதே அளவுகோல்தான். ஆல்ஃபா கார்பனை மட்டும் வைத்தால் பக்கச்சங்கிலி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது. 7 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும் இரண்டு எச்சங்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டிருக்கலாம். மறுபக்கம், ஆர்ஜினினும் குளுட்டமேட்டும் கைநீட்டி உப்புப் பாலம் (எதிரெதிர் மின்னூட்டங்களின் பிடிப்பு) போட்டிருக்கும்போது அவற்றின் ஆல்ஃபா கார்பன்கள் 10 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் இருக்கலாம். 8 என்ற வலையில் அந்தப் பாலம் சிக்காது.

எந்தப் பக்கச்சங்கிலி எதோடு உரசுகிறது என்பதே கேள்வி என்றால் ஹைட்ரஜன் நீங்கலான எல்லா அணுக்களையும் எடுத்து, எச்ச ஜோடிக்கு மிகக் குறைந்த தூரத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு 4.5 ஆங்ஸ்ட்ராம் நல்ல தொடக்கம். 5 வைத்தால் ஓர் அடுக்கு தள்ளி இருப்பவையும் கொஞ்சம் உள்ளே வந்துவிடும்.

ஆரங்களைக் கூட்டிக் கணக்கிடுவது இன்னும் நேர்மையான வழி இல்லையா?

ஆமாம். அணுவுக்கு அணு பருமன் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு வைப்பது வசதிக்காகச் செய்வது. வான் டெர் வால்ஸ் ஆரம் கார்பனுக்கு 1.70, நைட்ரஜனுக்கு 1.55, ஆக்சிஜனுக்கு 1.52, கந்தகத்துக்கு 1.80 ஆங்ஸ்ட்ராம். இரண்டு ஆரங்களைக் கூட்டி, அதிலிருந்து தூரத்தைக் கழித்தால் மேற்பொதிவு கிடைக்கும். இரண்டு கார்பன்கள் 3.8 ஆங்ஸ்ட்ராமில் இருந்தால் 3.4 கழித்தல் 3.8, அதாவது மைனஸ் 0.4. சைமீரா எக்ஸ் மென்பொருளின் தொடுகைக் கட்டளை, வேறு எதுவும் சொல்லாவிட்டால், மைனஸ் 0.4 வரை உள்ளதைத் தொடுகை என்று எடுத்துக்கொள்கிறது. மோதல் என்று சொல்ல 0.6 வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பில் ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே 1.9 ஆங்ஸ்ட்ராம் என்பது முற்றிலும் ஆரோக்கியமான தூரம். ஆனால் ஹைட்ரஜனின் ஆரத்தை 1.1 என்று வைத்தால் மேற்பொதிவு 0.72 வருகிறது, 0.6ஐத் தாண்டிவிட்டது. நல்ல பிணைப்பை நிரல் மோதல் என்று சிவப்பில் காட்டும். அதனால்தான் ஹைட்ரஜன் பிணைப்பு போடக்கூடிய ஜோடிகளுக்கு 0.4 கழிவு கொடுக்கிறார்கள். 0.72, 0.32 ஆகிவிடும், மோதல் மறைந்துவிடும். நீங்களே நிரல் எழுதினால் இந்தக் கழிவை மறக்காதீர்கள்.

இந்த முறைக்குச் சென்னையில் ஒரு பழைய வேர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் 1963ல் வெளியிட்ட வரைபடம் அடிப்படையில் ஒரு தொடுகைக் கணக்குத்தான். சங்கிலியின் முதுகெலும்பு திரும்பும் ஃபை, சை கோணங்களைத் திருப்பித் திருப்பி, பிணைப்பில்லாத அணுக்கள் எங்கே அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று பார்த்தார்கள். கார்பன்–கார்பனுக்கு வழக்கமான எல்லை 3.2, தளர்த்தினால் 3.0 ஆங்ஸ்ட்ராம். எந்தக் கோணங்களில் மோதல் இல்லையோ அதுவே அனுமதிக்கப்பட்ட பகுதி.

4எச்எச்பியை எடுத்துப் படிப்படியாகச் செய்து காட்ட முடியுமா?

எம்எம்சிஃப் வடிவக் கோப்பை இறக்குங்கள். பழைய பிடிபி வடிவத்தில் அணு எண்ணுக்கு ஐந்து இடம்தான், 99,999க்கு மேல் போகாது. ஹீமோகுளோபினுக்கு அது தடையில்லை, ரைபோசோமுக்கு மாறும்போது உதைக்கும்.

சங்கிலிகளைச் சரிபாருங்கள். ஏ, சி இரண்டும் ஆல்ஃபா, தலா 141 எச்சங்கள். பி, டி இரண்டும் பீட்டா, தலா 146. மொத்தம் 574. உங்கள் நிரல் வேறு எண்ணைச் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். நீரையோ, ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்புக் குழுவான ஹீமையோ எச்சமாக எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நீர் மூலக்கூறுகளைத் தனியே ஒதுக்குங்கள், தூக்கி எறிய வேண்டாம். ஹீமை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துவிட்டால் அதைச் சுற்றியிருக்கும் எச்சங்கள் வெற்றிடத்தைப் பார்த்து நிற்கும். அவற்றின் தொடுகை எண்ணிக்கை பொய்யாகக் குறைந்துவிடும்.

அடுத்தது தேடல். 574 எச்சங்களில் 1,64,451 ஜோடிகள். அணு அளவில் போனால் ஒரு கோடிக்கு அருகில். ஒற்றைக் கட்டமைப்புக்கு அதையும் கணினி தாங்கும், கணினியில் புரதத்தை அசையவிட்டுப் பதிவுசெய்த ஆயிரக்கணக்கான சட்டகங்களுக்குத் தாங்காது. அருகில் இருப்பவற்றை வேகமாகத் தேடித் தரும் கேடி மரம் என்ற தரவமைப்பைப் போட்டு 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கும் அணு ஜோடிகளை மட்டும் கேளுங்கள். பயோபைத்தானின் நெய்பர்சர்ச் இதைத்தான் செய்கிறது. சைபையில் சிகேடிட்ரீ இருக்கிறது. சில நொடிகளில் முடியும்.

வந்த அணு ஜோடிகளை எச்ச ஜோடிகளாகச் சுருக்குங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தபட்சத் தூரம், எத்தனை அணு ஜோடிகள், அதில் முதுகெலும்பு எத்தனை, பக்கச்சங்கிலி எத்தனை என்று நான்கு எண்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் அணு 4.4ல் உரசுவதும் பதினைந்து அணு ஜோடிகள் அடைத்துக்கொண்டு நிற்பதும் 'ஆம்' என்ற ஒரே சொல்லில் அடங்கக் கூடாது.

கடைசியில் அண்டை எச்சங்களைக் கழியுங்கள். சங்கிலியில் பக்கத்தில் இருப்பவை தொட்டுக்கொண்டுதான் இருக்கும், அதில் செய்தி இல்லை. வரிசை எண்ணில் 3 அல்லது அதற்குக் குறைந்த வேறுபாடு உள்ளவற்றை நீக்குவது வழக்கம். ஒரே சங்கிலிக்குள் மட்டும்! எண்ணை மட்டும் பார்த்துக் கழித்தால் ஏ சங்கிலியின் 42க்கும் டி சங்கிலியின் 40க்கும் இருக்கும் உண்மையான தொடுகையும் போய்விடும். சங்கிலி இடைமுகத்தில் எண் நெருங்கிய ஜோடிகள் மட்டும் காணாமல் போனால் முதலில் இந்த வரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

1எச்எச்ஓவில் பாதித் தொடுகைகளைக் காணோமே?

அந்தக் கோப்பில் இரண்டே சங்கிலிகள்: ஓர் ஆல்ஃபா, ஒரு பீட்டா. படிகத்தின் சமச்சீர்மை மறுபாதியை உருவாக்கிக்கொள்வதால், வைப்பவர்கள் சமச்சீரற்ற அலகை மட்டும் வைத்திருக்கிறார்கள். உடலில் இருப்பது நான்கு சங்கிலிகள். உயிரியல் கூட்டமைவு என்ற கோப்பைத் தனியாக இறக்கினால் நான்கும் கிடைக்கும். 4எச்எச்பியையும் இதையும் அப்படியே ஒப்பிட்டு, "ஆக்சிஜன் ஏறியதும் இடைமுகமே கரைந்துவிடுகிறது" என்று எழுதினால் அது கோப்பு செய்த வேலை, ஆக்சிஜன் செய்தது இல்லை.

பல பிரதிகள் உள்ள கூட்டமைவுக் கோப்புகளில் சங்கிலிப் பெயர்கள் திரும்ப வரலாம், அல்லது தனித்தனி மாதிரிகளாக அடுக்கப்பட்டிருக்கலாம். முதல் மாதிரியை மட்டும் படிக்கும் நிரல் மறுபடியும் இரண்டு சங்கிலிகளையே காட்டும்.

படிகத்தில் பக்கத்து மூலக்கூறோடு இருக்கும் தொடுகைகளை எண்ணலாமா?

பொதுவாக வேண்டாம். படிகமாக அடுக்கியதால் வந்த நெருக்கம் அது. சங்கிலியின் ஒரு வளையம் (லூப்) வினோதமாக வளைந்திருந்தால் அடுத்த மூலக்கூறு அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

விதிவிலக்கு அரிவாள் செல் ஹீமோகுளோபின். 2எச்பிஎஸ் என்ற கட்டமைப்பில் நான்கு சங்கிலி மூலக்கூறுகள் இரண்டு இருக்கின்றன. ஒரு மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்தில் குளுட்டமேட்டுக்குப் பதில் வந்த வேலின், அடுத்த மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் ஃபினைல்அலனின் 85, லியூசின் 88 இரண்டும் அமைத்த குழிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. நோயாளியின் சிவப்பணுவில் இழைகள் உருவாவதற்குக் காரணமான தொடுகையே இதுதான். படிகத் தொடுகை என்று வடிகட்டினால் கதையின் மையமே போய்விடும். இந்தியாவில் இந்த மரபுக்கூறு 1952ல் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டறியப்பட்டது.

அரிவாள் செல் மாற்றம் இருக்கும் இடம் ஆறா, ஏழா? எண் ஒத்துப்போகவில்லையே?

இரண்டும் சரி. கட்டமைப்புக் கோப்பில் சங்கிலியின் முதல் எச்சமான வேலினை 1 என்று வைத்து எண்ணுகிறார்கள். மரபணுத் தரவுத்தளங்களிலும், யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் வரிசையிலும் வெட்டி நீக்கப்படும் தொடக்க மெத்தியோனினும் கணக்கில் சேரும், அதனால் அதே இடம் 7. கணினி கணித்துத் தரும் ஆல்ஃபாஃபோல்டு மாதிரியிலும் யூனிப்ராட் எண்ணே. இரண்டு மூலங்களைச் சேர்க்கும் முன் ஒரு வரிசைப் பொருத்தம் செய்து பெயர்ப்பு அட்டவணை எழுதிவிடுங்கள்.

எம்எம்சிஃப் கோப்பிலேயே இரண்டு எண்கள் உண்டு: கோப்பு தானாகத் தரும் வரிசை எண், ஆசிரியர்கள் கொடுத்த எண். ஒரு கருவி முதலாவதையும் இன்னொன்று இரண்டாவதையும் படித்தால் எல்லாத் தொடுகைகளும் ஒரே அளவு நகர்ந்திருக்கும். நோயெதிர்ப்புப் புரதங்களில் 82ஏ, 82பி, 82சி என்று செருகல் எழுத்துகளும் வரும். சங்கிலி, எண், செருகல் எழுத்து மூன்றையும் சேர்த்தே சாவியாக வையுங்கள்; எண்ணை மட்டும் வைத்தால் நான்கு எச்சங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழும்.

கோப்பில் வேறென்ன சிக்கல்கள் ஒளிந்திருக்கும்?

மாற்று நிலைகள். ஒரு பக்கச்சங்கிலி 60 விழுக்காடு ஒரு பக்கமும் 40 விழுக்காடு மறுபக்கமும் இருந்தால் கோப்பில் இரண்டும் இருக்கும். ஒன்றின் ஏ நிலையும் பக்கத்து எச்சத்தின் பி நிலையும் ஒரே நேரத்தில் இருக்க முடியாமல் போகலாம். பயோபைத்தான் அதிக நிரப்புவீதம் உள்ள நிலையைத் தானாகத் தேர்ந்தெடுக்கும். மற்றவற்றில் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.

செலினோமெத்தியோனின். எக்ஸ்கதிர் அலைகளின் கட்டங்களைக் (ஃபேஸ்) கண்டுபிடிக்க மெத்தியோனினுக்குப் பதில் இதைச் சேர்ப்பார்கள். கோப்பில் இது வேற்று அணு என்ற தலைப்பில் வரும். 'வேற்று அணுக்களை எல்லாம் நீக்கு' என்று சொன்னால் புரதத்தின் நடுவிலேயே ஓட்டை விழும்.

காணாத எச்சங்கள். எலக்ட்ரான் அடர்த்தி தெரியாத வளையங்கள் கோப்பில் இருக்காது, அல்லது பக்கச்சங்கிலி பாதியில் அறுபட்டிருக்கும். லைசினுக்குத் தொடுகையே இல்லை என்று எழுதும் முன் அதன் நுனி நைட்ரஜன் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அஸ்பராஜின், குளுட்டமின், ஹிஸ்டிடின். இவற்றின் நுனியில் எது நைட்ரஜன், எது ஆக்சிஜன் அல்லது கார்பன் என்பதை எக்ஸ்கதிர் அடர்த்தி எளிதில் பிரித்துக் காட்டாது. 180 பாகை தலைகீழாக வைக்கப்பட்டவை நிறைய உண்டு. ரெட்யூஸ் நிரலை ஓட்டினால் ஹைட்ரஜன்களைச் சேர்க்கும்போதே இவற்றைத் திருப்பியும் பார்க்கும். இதைச் செய்யாமல் ஹைட்ரஜன் பிணைப்பு எண்ணினால், கொடுப்பதும் ஏற்பதும் இடம் மாறிவிடும்.

தொடுகையின் வகையை எப்படிப் பிரிப்பது?

பரவலாகப் பயன்படும் அளவுகள் இவை. ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுக்கும் அணுவுக்கும் ஏற்கும் அணுவுக்கும் இடையே 3.5 ஆங்ஸ்ட்ராம் வரை, கோணம் 120 பாகைக்கு மேல். உப்புப் பாலத்துக்கு அஸ்பார்டேட் அல்லது குளுட்டமேட்டின் ஆக்சிஜனிலிருந்து லைசின், ஆர்ஜினின் நைட்ரஜன் வரை 4 ஆங்ஸ்ட்ராம். ஹிஸ்டிடினைச் சேர்ப்பதா என்பதை முடிவுசெய்து எழுதிவிடுங்கள், ஏனென்றால் அதன் மின்னூட்டம் அமிலத்தன்மையைப் பொறுத்தது, படிகத்தில் தெரியாது. டைசல்பைடு பாலத்தில் கந்தகங்கள் சுமார் 2.05 ஆங்ஸ்ட்ராமில் நிற்கும். நேர்மின் நுனிக்கும் நறுமண வளையத்துக்கும் வளைய மையத்திலிருந்து 6 ஆங்ஸ்ட்ராம். ரிங், அர்பெஜியோ, கெட்கான்டாக்ட்ஸ் போன்ற கருவிகள் எல்லா வகைகளையும் ஒரே ஓட்டத்தில் பிரித்துத் தரும். அவற்றின் உள்வரம்புகள் ஒன்றுக்கொன்று வேறு.

3.5 ஒரு புனித எண் இல்லை. 2 ஆங்ஸ்ட்ராம் தெளிவுத்திறனில் நன்றாகப் படிந்த அணுவின் இடத்திலேயே ஏறத்தாழ 0.2 ஆங்ஸ்ட்ராம் பிழை இருக்கும். 3.4 பிணைப்பு, 3.6 பிணைப்பில்லை என்று வாதாடுவது வீண். 3.3, 3.5, 3.7 என்று மூன்று வரம்புகளில் ஓட்டிப் பாருங்கள். முடிவு மாறினால் அந்த முடிவை எழுத வேண்டாம்.

நெருக்கமாக இருந்தால் வலுவான பிணைப்பு என்று சொல்லலாமா?

கூடாது. மேற்பரப்பில் நீரோடு உறவாடிக்கொண்டிருக்கும் இரண்டு மின்னூட்டங்கள் ஒன்றையொன்று பிடிக்க நீரை விட வேண்டும். அதற்கான விலையைக் கழித்தால் பல மேற்பரப்பு உப்புப் பாலங்களின் நிகர லாபம் மிகச் சிறியது. தூரத்திலிருந்து ஆற்றலை ஊகிக்க முடியாது. எந்த இடத்தில் மாற்றம் செய்து சோதிக்கலாம் என்று விரல்காட்டத்தான் தொடுகைப் பட்டியல்.

தொடுகை வரைபடத்தை எப்படிப் படிப்பது?

இரண்டு அச்சிலும் எச்ச எண்; தொட்டால் புள்ளி. ஆல்ஃபா சுருள் மூலைவிட்டத்தை ஒட்டிய தடித்த பட்டையாகத் தெரியும், ஏனென்றால் அதில் ஒவ்வோர் எச்சமும் நான்கு தள்ளி இருப்பதைத் தொடும். இணையான பீட்டா இழைகள் மூலைவிட்டத்துக்கு இணையான கோடு. எதிரிணையானவை அதற்குச் செங்குத்தான கோடு. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியை வரைந்தால் பட்டைகளும், சுருள்கள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் சிதறிய புள்ளிக் கொத்துகளும்தான் வரும். மூலைவிட்டத்துக்குச் செங்குத்தான நீண்ட கோடு வந்தால் வேறு கோப்பைத் திறந்திருக்கிறீர்கள்.

ஆல்ஃபாஃபோல்டு மாதிரியில் இதைச் செய்யலாமா?

செய்யலாம், வடிகட்டிய பிறகு. படிகக் கோப்பில் வெப்பக் காரணி (அணு எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) இருக்கும் நெடுவரிசையில் அங்கே பிஎல்டிடிடி என்ற நம்பிக்கை மதிப்பு 0 முதல் 100 வரை இருக்கும். அதை வெப்பக் காரணி என்று நினைத்து 'அதிகமானால் மோசம்' என்று வடிகட்டினால் நல்ல பகுதியெல்லாம் போய், குப்பை மிஞ்சும். 70க்குக் கீழே பக்கச்சங்கிலித் தொடுகைகளை நம்ப வேண்டாம், 50க்குக் கீழே எதையும் எண்ண வேண்டாம். இரண்டு களங்களுக்கு (தனித்தனியே மடியும் பகுதிகளுக்கு) இடையிலான தொடுகை என்றால், ஒன்றுக்கொன்று இருக்கும் இடத்தில் எவ்வளவு பிழை என்று கணிக்கும் பிஏஇ அணியையும் பாருங்கள். தனித்தனியே இரண்டும் 90 வாங்கியிருந்தாலும் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்பது தெரியாமல் இருக்கலாம்.

மூலக்கூறு இயக்கவியல் பாதையில் தொடுகை எண்ணும்போது?

முதலில் அலகு. எம்டிட்ராஜ் நானோமீட்டரில் பேசும், எம்டிஅனாலிசிஸ் ஆங்ஸ்ட்ராமில். எம்டிட்ராஜில் 4.5 என்று எழுதினால் 45 ஆங்ஸ்ட்ராம். வரைபடத்தின் பெரும்பகுதி கறுப்பாகிவிடும். 0.45 என்று எழுத வேண்டும். அடுத்தது, புரதத்தை அசையவிடும் கணினிப் பெட்டியின் எல்லை. சங்கிலி எல்லையைத் தாண்டி மறுபக்கம் முளைத்தால் இடைமுகத் தொடுகைகள் ஒரே சட்டகத்தில் சட்டென்று சுழியமாகும். பிரிந்த சங்கிலிகளைப் பாதையில் மறுபடி ஒன்றுசேர்த்துவிட்டு எண்ணுங்கள்.

வரம்பின் ஓரத்தில் 4.4, 4.6 என்று ஆடிக்கொண்டிருக்கும் ஜோடி நூறு முறை உடைந்து சேர்ந்ததாகக் கணக்கு காட்டும். பெஸ்ட், ஹம்மர், ஈட்டன் மூவரும் 2013ல் தந்த மென்மையான சூத்திரம் இதற்கு உதவும். தொடக்க அமைப்பில் 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்த அணு ஜோடிகளை எடுத்து, அவற்றின் தூரம் தொடக்கத் தூரத்தின் 1.8 மடங்கை எட்டும்போது பாதி மதிப்பு கொடுக்கிறது. 4 ஆங்ஸ்ட்ராமில் தொடங்கிய ஜோடி 7.2ல் அரைத் தொடுகை. அனல் அசைவில் வரும் படபடப்பு அடங்கிவிடும், உண்மையான பிரிவு தெரியும்.

என் நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விடை தெரிந்த கணக்கைக் கொடுங்கள். 4எச்எச்பியில் பீட்டா சங்கிலியின் கடைசி எச்சமான ஹிஸ்டிடின் 146, அதே சங்கிலியின் அஸ்பார்டேட் 94ஐப் பிடித்திருக்க வேண்டும். அதே ஹிஸ்டிடினின் கார்பாக்சில் நுனி, ஆல்ஃபா சங்கிலியின் லைசின் 40ஐப் பிடித்திருக்கும். அது பக்கச்சங்கிலிகளுக்கு இடையிலான உப்புப் பாலம் இல்லாததால், சங்கிலி நுனியைச் சேர்க்காத நிரல் இதைத் தவறவிடும். ஆல்ஃபா டைரோசின் 42க்கும் பீட்டா அஸ்பார்டேட் 99க்கும் ஹைட்ரஜன் பிணைப்பு வர வேண்டும். பிறகு 1எச்எச்ஓவின் நான்கு சங்கிலிக் கூட்டமைவை ஓட்டுங்கள். டைரோசின் 42, அஸ்பார்டேட் 99 பிணைப்பு மறைந்து, ஆல்ஃபா அஸ்பார்டேட் 94க்கும் பீட்டா அஸ்பராஜின் 102க்கும் புதிதாக ஒன்று தோன்ற வேண்டும். முதல் கோப்பில் சங்கிலிக்குள் இருப்பது வந்து, சங்கிலிகளுக்கு இடையே இருப்பவை மட்டும் வரவில்லை என்றால் சங்கிலிகளுக்கு இடையே தேடும் வரியைத் திறங்கள். முதல் கோப்பில் எல்லாம் வந்து இரண்டாவதில் மட்டும் இடைமுகம் காலி என்றால் கூட்டமைவுக் கோப்பைத் திறங்கள்.